சந்தூரும் தபலாவும்: புதிதாகக் கேட்பவர்களின் கேள்விகள்

கர்நாடகக் கச்சேரியில் ஊறிய காது, சினிமாப் பாட்டு மட்டும் கேட்ட காது, இரண்டும் கேட்காத காது என்று யாராக இருந்தாலும், சந்தூர்க் கச்சேரி ஒன்றைக் கேட்டுவிட்டு எழுப்பும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றில் அடிக்கடி வருபவை இங்கே. சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரியே போதும்.

சந்தூர் என்பது எப்படிப்பட்ட வாத்தியம்?

ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் இருக்கும் மரப்பெட்டி. பெரும்பாலும் வால்நட் மரம். பெட்டியின் மேல் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் குதிரைகள், அதாவது தந்தியைத் தாங்கும் கட்டைகள், நிற்கும். ஒவ்வொரு குதிரையின் மேலும் மூன்று அல்லது நான்கு உலோகத் தந்திகள் போகும். அந்த மூன்றும் நான்கும் ஒரே ஸ்வரத்துக்குச் சேர்க்கப்பட்டவை. இலேசான, நுனி வளைந்த இரண்டு மரக்குச்சிகளை விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு தந்தியின் மேல் அடித்து வாசிக்கிறார்கள். காஷ்மீரில் அந்தக் குச்சிக்குக் 'கலம்' என்று பெயர்.

பழைய காஷ்மீர் சந்தூரில் 25 குதிரைகள், குதிரைக்கு 4 தந்திகள், ஆக மொத்தம் 100 தந்திகள். இன்று மேடையில் பார்ப்பது அதிலிருந்து கொஞ்சம் மாறியது. கலைஞருக்குக் கலைஞர் எண்ணிக்கை வேறுபடும் என்பதால், தந்திகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

இது உண்மையிலேயே சாஸ்திரிய சங்கீத வாத்தியமா? சினிமாவில் 'டிங் டிங்' என்று வருமே, அதுதானே?

அதேதான். ஆனால் அதன் கதை சினிமாவுக்கு வெகு முன்பே தொடங்குகிறது. காஷ்மீரில் 'சூஃபியானா மௌசிகி' என்று ஓர் இசை மரபு இருக்கிறது. சூஃபிப் பாடல்களைப் பலர் கூடிப் பாடும்போது உடன் வாசிக்கும் வாத்தியம் சந்தூர். அங்கே அது பாட்டுக்குத் துணை. தனியாக ஒரு ராகத்தை எடுத்து ஒரு மணி நேரம் விரிக்கும் வேலை அதற்கு அப்போது இல்லை.

அந்த வேலையைக் கொடுத்தவர் ஜம்முவில் 1938-ல் பிறந்த சிவ்குமார் சர்மா. அப்பா உமா தத் சர்மா பாடகர், தபலாவும் அறிந்தவர். மகனுக்குச் சின்ன வயதிலேயே வாய்ப்பாட்டும் தபலாவும் சொல்லிக்கொடுத்த அவர், பிறகு சந்தூரைக் கையில் கொடுத்து, இதில் இந்துஸ்தானி சங்கீதத்தைக் கொண்டுவா என்றார். 1955-ல் மும்பையில் முதல் மேடை. கேட்டவர்களில் பலருக்கு ஒலி பிடித்தது. ஆனால் சங்கீதம் அறிந்தவர்கள் தயங்கினார்கள். ஸ்வரத்தை இழுக்க முடியாத வாத்தியத்தில் ராகம் எப்படி வரும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், கீழே அதற்குத் தனியாக வருவோம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே அவர் பல ஆண்டுகள் வாத்தியத்தை மாற்றி மாற்றி அமைத்தார். தந்திகளையும் குதிரைகளையும் திருத்தினார். மரத்தாங்கியில் வைத்து வாசித்ததை மாற்றி மடிமேல் வைத்துக்கொண்டார். மடியில் இருந்தால் தேவையில்லாத அதிர்வு அடங்குகிறது.

வெளியிலிருந்து வந்த வாத்தியம் சாஸ்திரிய மேடையில் இடம் பிடிப்பது நமக்குப் புதிதில்லை. வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை இன்று யாராவது நினைத்துப்பார்க்க முடியுமா? அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளே வந்ததுதான். மாண்டலினை யூ. ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார் என்பதையும் நாம் கண்ணாலேயே பார்த்தோம்.

அடித்தவுடன் ஒலி தேய்ந்துவிடுகிறது. கமகமே இல்லை. இதில் ராகம் எங்கே இருக்கிறது?

கர்நாடக ரசிகர் கேட்கும் முதல் கேள்வி இது. அதிலேயே கச்சேரியின் பாதி ரகசியமும் இருக்கிறது.

பாடகர் காந்தாரத்தைப் பிடித்து நிற்கலாம், அசைக்கலாம், அதிலிருந்து வழுக்கி மத்யமத்துக்குப் போகலாம். வீணைக்காரர் தந்தியை இழுத்து அதையே செய்வார். இந்த அசைவும் வழுக்கலும்தான் கமகம். சந்தூரில் தந்தி குதிரைமேல் இறுகிக் கிடக்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித் தந்தி. அடித்தால் ஒலிக்கும், உடனே குறையத் தொடங்கும். மேல் ஸ்தாயித் தந்திகள் குட்டையானவை, அவற்றில் ஒலி இன்னும் சீக்கிரம் மறையும். கீழ் ஸ்தாயியில் கொஞ்சம் தங்கும்.

இதைச் சமாளிக்கக் கலைஞர்களிடம் சில வழிகள் உண்டு. குச்சியைத் தந்திமேல் இலேசாக விட்டு, அது தானாகத் துள்ளும்படி செய்வது ஒன்று. ஒரு அடியில் பத்துப் பதினைந்து நுண்ணிய அடிகள் விழும், காதுக்கு ஒரே நீண்ட ஸ்வரமாகக் கேட்கும். மெல்ல ஆரம்பித்துப் பெரிதாகி மறுபடி மெலிந்தால், பாடகர் மூச்சை விட்டு இழுப்பது போலவே இருக்கும். அடுத்தது, குச்சியை அடிக்காமல் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டு போவது. ஸ்வரங்கள் தனித்தனிதான். ஆனால் ஒன்று தேய்வதற்குள் மற்றது எழுவதால், நடுவில் இருக்கும் இடைவெளியைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. உல்ஹாஸ் பாபட் என்ற சந்தூர்க் கலைஞர் தந்திகளை அரை ஸ்வர வரிசையில் பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் சேர்த்துக்கொண்டு, இந்த வழுக்கலையே தன் பாணியாக வளர்த்தார். உள்ளங்கையை வைத்து ஒலியை அமுக்குவது, விரலால் தந்தியை மீட்டுவது என்று வேறு சில்லறை உத்திகளும் உண்டு.

இவ்வளவு செய்தும் தர்பாரியின் ஆடும் காந்தாரம் சந்தூரில் வராது. நம் தோடியும் வராது. வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதனால் கேட்பவர் செய்ய வேண்டியது, கமகத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஒலி தேய்வதைக் கேட்பது. அடி விழும் கணத்தில் அல்ல, அதற்குப் பிறகு வரும் ஒன்றிரண்டு விநாடிகளில் கவனத்தை வைத்துப் பாருங்கள். முந்தைய ஸ்வரம் இன்னும் முழுதாக மறையாத நிலையில் அடுத்தது அதன்மேல் வந்து உட்காரும். ரிஷபத்தின் மிச்சத்தின்மேல் பஞ்சமம், அதற்கடியில் தம்புராவின் ஷட்ஜம். ராகத்தின் நிறம் அந்தக் கலப்பில்தான் இருக்கிறது. நல்ல சந்தூர்க் கலைஞர் எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் தேயவிடுகிறார் என்பதிலேயே அவர் காட்டும் பாவம், அதாவது உணர்ச்சி, இருக்கிறது.

இன்னொன்று. இழுக்க முடியாத வாத்தியம் தாளத்தில் நிறையப் பேசும். சந்தூரின் இயல்பான பலம் அங்கேதான். இரண்டு குச்சிகளும் ஒருவகையில் தபலாக்காரரின் இரண்டு கைகள்தான். சிவ்குமார் சர்மா முதலில் தபலா கற்றவர் என்பதை அவர் வாசிப்பின் ஒவ்வொரு கணக்கிலும் கேட்கலாம்.

அப்படியென்றால் தபலாவில் எதைக் கேட்பது? எனக்கு எல்லாம் ஒரே தடதடவாகத்தான் கேட்கிறது.

முதலில் இரண்டு முகங்களையும் பிரித்துக் கேளுங்கள். வலது கையில் சின்ன மரத் தபலா. அது குறிப்பிட்ட சுருதிக்குச் சேர்க்கப்பட்டிருக்கும், அநேகமாக ஷட்ஜத்துக்கு. 'நா', 'தின்' என்று மணி போல ஒலிப்பது அது. இடது கையில் வாய் அகன்ற உலோகப் பாயான், பித்தளை அல்லது செம்பு. 'கே' என்று ஆழமாக முனகுவது அது. பாயான்மேல் மணிக்கட்டை அழுத்திச் சற்றே நகர்த்தினால் ஒலி கீழிருந்து மேலே வளைந்து ஏறும். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் இப்படி வளைந்து ஒலிக்கும் கும்கியைக் கேட்டிருப்பீர்கள், அதன் உறவுக்காரர்.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மேடையில் ராகம் வாசிக்கும் வாத்தியத்தால் ஸ்வரத்தை வளைக்க முடியாது. தாளம் போடும் வாத்தியத்தால் முடியும்! சந்தூரில் இல்லாத ஜாருவை, அதாவது ஸ்வரத்தின் வழுக்கலை, பாயான் கொடுக்கிறது. இந்த ஜோடி இவ்வளவு பொருந்திப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. விவரம் தெரிந்த தபலாக்காரர், சந்தூரின் நீண்ட ஸ்வரம் தேயும் இடத்தில் பாயானை ஒருமுறை மெல்ல இழைப்பார். காது அந்த வளைவைச் சந்தூரின் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

தபலாவின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் அலங்காரம் இல்லை. இரும்புத்தூளும் மாவுப்பசையும் கலந்து அடுக்கடுக்காகத் தடவித் தேய்த்தது. மிருதங்கத்தில் சாதம் என்கிறோமே, அதேதான். சாதாரணத் தோல் முகத்தை அடித்தால் கலைந்த ஓசைதான் வரும், சுருதி தெளிவாக நிற்காது. இந்தப் பூச்சின் எடை, தோலின் அதிர்வுகளை ஒன்றுக்கொன்று இசைவான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் நம் தோல் வாத்தியங்களைச் சுருதி சேர்க்க முடிகிறது. இதை 1920-லேயே ஆராய்ந்து எழுதியவர் சர் சி. வி. ராமன். ஒளிச்சிதறலுக்கு நோபல் வாங்குவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் மிருதங்கத்தையும் தபலாவையும் தட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மிருதங்கமும் தபலாவும் பக்கவாத்தியம்தானே? என்ன வித்தியாசம்?

மிருதங்க வித்வான் பாட்டின் நடையைப் பின்பற்றி வாசிக்கிறார். பாட்டு நிற்கும் இடத்தில் நிற்பார், ஓடும் இடத்தில் ஓடுவார். தாளத்தைக் கையில் போடுவது பாடகரும் ரசிகர்களும். தபலாவில் தாளமே சொற்கட்டாக இருக்கிறது. அதற்கு 'டேகா' என்று பெயர். ஒவ்வொரு தாளத்துக்கும் நிலையான ஒரு டேகா உண்டு. தபலாக்காரர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருப்பார். மேடையில் யாரும் கை தட்டித் தாளம் போட மாட்டார்கள். தபலாவே கடிகாரம்.

இது புரியாமல் போனால்தான், என்ன இவர் ஒன்றையே வாசித்துக்கொண்டிருக்கிறாரே என்று தோன்றும். சந்தூர்க்காரர் அந்த ஓட்டத்தை நம்பித்தான் தாளத்தை விட்டு விலகி எங்கெங்கோ போய்விட்டுச் சரியாகச் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கையில், வந்து விழுகிறார். நடுவில் அவரே ஒரு சின்ன மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தாளத்தைத் தாங்கிக்கொள்வார். அப்போது தபலா பறக்கத் தொடங்கும். இப்படி யார் கடிகாரம், யார் பறவை என்பது மாறி மாறி நடக்கும். எப்போது மாறுகிறது என்று பிடிக்கத் தெரிந்தால் கச்சேரி பாதி வசமாகிவிட்டது.

கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கத்துக்கு வருவது போலக் கடைசியில் தனி ஆவர்த்தனம் என்று ஒரு தனிப் பகுதி வராது. தபலாவின் வாய்ப்புகள் கச்சேரி முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

தாளம் எண்ணித்தான் கேட்க வேண்டுமா? தீன்தாள் என்றால் என்ன?

கட்டாயம் இல்லை. ஆனால் எண்ணினால் சுவை கூடும், அதில் சந்தேகம் இல்லை.

அதிகம் வருவது தீன்தாள். 16 மாத்திரை, அதாவது 16 எண்ணிக்கை, நாலு நாலாக நான்கு பகுதி. 1, 5, 13 ஆகியவற்றில் தட்டு, 9-ல் வீச்சு. அந்த வீச்சுக்குக் 'காலி' என்று பெயர். ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. எண்ண வராதவர்களுக்கு ஒரு சுலப வழி சொல்கிறேன்: பாயானின் அடித்தொனியை மட்டும் கேளுங்கள். மரபான டேகாவில் அது 10-வது மாத்திரையிலிருந்து 13 வரை விலகிக்கொள்ளும். ஒலி திடீரென்று இலேசாகிவிடும். 14-ல் அந்த ஆழம் திரும்ப வரும். அது திரும்பினால், இன்னும் மூன்று மாத்திரையில் சமம் என்று அர்த்தம். விரலே மடக்காமல் சமத்தைப் பிடித்துவிடலாம்.

மற்ற தாளங்களில் ரூபக், 7 மாத்திரை, 3+2+2. மிஸ்ர சாபு தெரிந்தவர்களுக்கு உடனே கால் ஆடும். ஆனால் ரூபக்கில் ஒரு குறும்பு உண்டு. சமமே காலி. முதல் மாத்திரையில் கனமான அடியை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள், பாயான் நாலாவதில்தான் நுழைகிறது. ஜப்தாள் 10 மாத்திரை, 2+3+2+3. ஏக்தாள் 12.

ஒரு மெட்டு மூன்று முறை வந்து மூன்றாவதின் கடைசி அடி சமத்தில் விழுந்தால், அது 'திஹாயி'. நம் மோராவையும் தீர்மானத்தையும் அறிந்தவர்கள் இதை உடனே அடையாளம் காண்பார்கள். தெரியாதவர்களுக்கும் உடம்பு சொல்லிவிடும்: மூன்றாவது முறை முடியும்போது கூடவே தலை ஆடும்.

கச்சேரி எந்த வரிசையில் போகும்? தபலாக்காரர் ஏன் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்?

முதலில் ஆலாப். தம்புராவும் சந்தூரும் மட்டும். தாளம் கிடையாது. கீழ் ஸ்வரங்களில் ஆரம்பித்து மெல்ல மேலே ஏறும். அப்புறம் ஜோட். தாளம் இன்னும் வரவில்லை, ஆனால் ஒரு சீரான துடிப்பு வந்துவிடும். நம் ராகம் தானம் பல்லவியில் வரும் தானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது வேகம் பிடித்தால் ஜாலா. இதெல்லாம் முடிந்து ஒரு சின்ன நிறுத்தம், பிறகு 'கத்' என்கிற மெட்டு, அதோடு தபலா. முதலில் நிதானமான கத், அடுத்து வேகமானது, கடைசியில் மறுபடி ஜாலா.

தபலாக்காரர் அதுவரை சும்மா இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் முகத்தைப் பாருங்கள், ஆலாப்பில் ஒவ்வொரு நல்ல இடத்துக்கும் தலையசைத்துக்கொண்டிருப்பார். சில கச்சேரிகளில் ஜோட் பகுதிக்கே பக்காவஜ் துணை வருவதும் உண்டு. அது மிருதங்கம் போல இருபுறமும் முகம் உள்ள, கனத்த குரல் கொண்ட வாத்தியம்.

பொறுமை குறைவு என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: முதல் சில பதிவுகளில் ஆலாப்பை விட்டுவிட்டு வேகமான கத்தைக் கேளுங்கள். சங்கீதக்காரர்கள் திட்டுவார்கள். பரவாயில்லை. அதில் பிடிப்பு வந்தபின் ஆலாப்புக்குத் தானாகத் திரும்பி வருவீர்கள்.

கச்சேரிக்கு முன்னும் நடுவிலும் இவ்வளவு நேரம் சுருதி சேர்க்கிறார்களே, வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு வரக்கூடாதா?

சேர்த்துத்தான் வருகிறார்கள். ஆனால் தொண்ணூறு சொச்சம் தந்திகள்! மேடை விளக்கின் சூடு, அரங்கத்தின் குளிர், காற்றின் ஈரம் எல்லாம் மரத்தையும் தந்தியையும் அசைத்துவிடும். ஒரே ஸ்வரத்துக்கான மூன்று தந்திகளில் ஒன்று ஒரு மயிரிழை விலகினாலும், ஒலி நேராக நிற்காமல் அலைந்து அலைந்து வரும். அடுத்த ராகத்துக்குப் போகும்போது மாறும் ஸ்வரங்களை எல்லா ஸ்தாயியிலும் திருத்த வேண்டும். தபலாக்காரரும் கையில் ஒரு சிறு சுத்தியலோடு, வாரின் கீழ் இருக்கும் மரக்கட்டைகளைத் தட்டித் தட்டிச் சேர்த்துக்கொண்டிருப்பார். தருண் பட்டாச்சார்யா போன்றவர்கள் இந்த அவஸ்தையைக் குறைக்க, நுண்ணிய திருத்தத்துக்கென்று தந்திகளில் மணிகள் பொருத்திக்கொண்டார்கள்.

1971-ல் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த கச்சேரியில் ரவிசங்கர் குழு சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் பலமாகக் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்கிற பொருளில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நீங்கள் அங்கே கைதட்ட வேண்டாம், ஆனால் கேளுங்கள். சேர்க்கும்போது ஓடும் ஸ்வர வரிசையிலேயே வரப்போகும் ராகம் எது என்று ஊகித்துவிடலாம். எனக்கு அது கச்சேரியின் முதல் விளையாட்டு.

கர்நாடக ராகங்கள் மட்டும்தான் தெரியும். எங்கே தொடங்கலாம்?

நிறைய வாசல்கள் திறந்தே இருக்கின்றன. மோகனம் தெரிந்தால் பூபாலி. ஹிந்தோளம் தெரிந்தால் மால்கௌன்ஸ். சுத்த சாவேரிக்கு துர்கா, கல்யாணிக்கு யமன், சக்கரவாகத்துக்கு ஆஹிர் பைரவ், ஆபேரிக்கு பீம்பலாசி என்று நெருங்கிய உறவுகள். ஸ்வரங்கள் பெரும்பாலும் ஒன்றானாலும் நடையும் அழுத்தமும் வேறு. ஆஹிர் பைரவைக் கேட்டுக்கொண்டே சக்கரவாகத்தை எதிர்பார்த்தால் அங்கங்கே இடறும். இடறட்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். அவர்களின் தோடி நம் தோடி இல்லை, நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள் அவர்களுக்குத் தோடி. அவர்களின் ஹிண்டோலும் நம் ஹிந்தோளமும் வேறு வேறு.

இங்கிருந்து வடக்கே போன ராகங்களும் இருக்கின்றன: கீரவாணி, சாருகேசி, ஹம்ஸத்வனி, வாசஸ்பதி. இவற்றைச் சந்தூர்க் கலைஞர்கள் விரும்பி எடுப்பதில் ஆச்சரியமில்லை. இவற்றை ஆழ்ந்த கமகம் இல்லாமல் ஸ்வர வரிசையின் அழகை வைத்தே நிறுத்திவிடலாம். ஹம்ஸத்வனி சந்தூரில் பளிச்சென்று இருக்கும்.

யாரையெல்லாம் கேட்பது?

சிவ்குமார் சர்மாவிலிருந்து தொடங்குவது இயல்பு. 1967-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலும் பிரிஜ்பூஷண் காப்ராவின் கிதாரும் சேர்ந்து வந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டு, காஷ்மீர் ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாளை ராகங்களில் சொல்வது. சந்தூரை உலகெங்கும் கொண்டுபோனது அதுதான். ஆனால் அது எளிதாக்கிக் கொடுத்த இசை. அதிலேயே நின்றுவிடாமல், அவரும் ஜாகிர் உசேனும் சேர்ந்து வாசித்த முழுநீள ராகப் பதிவு ஒன்றைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் சொன்ன அத்தனையும் அதில் இருக்கும். ஜாகிரின் அப்பா அல்லா ரக்கா, பஞ்சாப் பாணியின் பெரிய தபலா மேதை. 2022 மே மாதம் சிவ்குமார் மறைந்தபோது, அவர் பாடையைத் தோளில் சுமந்தவர்களில் ஜாகிரும் ஒருவர். அந்தப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2024 டிசம்பரில் ஜாகிரும் போய்விட்டார்.

அடுத்து பஜன் சோபோரி. சூஃபியானா மரபில் வந்த காஷ்மீர்க் குடும்பம். சிவ்குமாரிடம் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்து நிற்கும், சுற்றிலும் நிறைய மௌனம் இருக்கும். சோபோரியிடம் ஒலி அடர்த்தி. கூடுதலாக அதிரும் தரப் தந்திகளும் பக்காவஜ் சாயலுள்ள கம்பீரமும் சேர்ந்து வரும். இருவரில் யார் உயர்ந்தவர் என்கிற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் ஒரே ராகத்தை இருவரிடமும் கேட்டால் வாத்தியத்தின் இரண்டு ஓரங்களும் தெரிந்துவிடும். சோபோரியும் 2022-லேயே, சிவ்குமார் மறைந்து ஒரு மாதம் ஆவதற்குள் காலமானார்.

இருவரின் மகன்களும், ராகுல் சர்மா, அபய் ருஸ்தம் சோபோரி, இன்று மேடையில் இருக்கிறார்கள். சதீஷ் வியாஸ், தருண் பட்டாச்சார்யா ஆகியோரையும் கேளுங்கள். தபலாவில் அனிந்தோ சட்டர்ஜி, ஸ்வபன் சௌதுரி. இவர்கள் துணை வாசித்த எந்தப் பதிவும் வீண் போகாது.

கேள்வி-பதில் மாதிரி இருவரும் மாறி மாறி வாசிப்பது முன்கூட்டியே ஒத்திகை பார்த்ததா?

அதற்கு 'சவால் ஜவாப்' என்று பெயர். சந்தூர் ஒரு கணக்கைப் போடும், தபலா அதைத் திருப்பிச் சொல்லும், துண்டு துண்டாகச் சின்னதாகிக்கொண்டே வந்து இருவரும் சேர்ந்து முடிப்பார்கள். நீண்டநாள் சேர்ந்து வாசித்தவர்களுக்கு ஒருவர் கை இன்னொருவருக்கு அத்துப்படி. ஆகவே கணக்கு அந்த நேரத்தில் வந்தாலும் பாதை பழகியதுதான். கூட்டம் இதற்குத்தான் அதிகம் கைதட்டும். எனக்கு இது கச்சேரியின் மேலான பகுதியாக எப்போதும் தோன்றியதில்லை. நிதானமான கத்தில், யாரும் கவனிக்காத ஒரு இடத்தில், தபலா சந்தூரின் ஒரு சிறு நெளிவைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லும், அது உண்மையான சவால் ஜவாப்.

சந்தூரில் கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியுமா?

ஸ்வரமாக வாசிக்கலாம், கிருதியாக வாசிப்பது கடினம். ஜலதரங்கத்துக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனாலும் ஆனையம்பட்டி கணேசன் போன்றவர்கள் அதில் முழுக் கச்சேரியே செய்தார்கள். சிட்டைஸ்வரம், வேகமான கீர்த்தனை, கல்பனாஸ்வரம் எல்லாம் சந்தூருக்குப் பொருந்தும். மெதுவான விளம்பகாலக் கிருதியைத் தொட்டால் குறை தெரியும். மிருதங்கம், கடம், கஞ்சிரா துணையோடு ஜுகல்பந்தியாக, அதாவது இரு கலைஞர்கள் இணைந்து வாசிக்கும் கச்சேரியாக, கேட்பது நல்ல நடுவழி. கஞ்சிராவும் ஸ்வரத்தை வளைக்கிற வாத்தியம் என்பதால், பாயானுக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும்.

ஈரானிலும் சீனாவிலும்கூட இதே மாதிரி வாத்தியம் இருக்கிறதாமே?

இருக்கிறது. ஈரானின் சந்தூரில் 18 குதிரைகள், 72 தந்திகள். சீனத்தில் யாங்சின், ஹங்கேரியில் சிம்பலம், ஜெர்மன் பேசும் நாடுகளில் ஹாக்பிரெட், அமெரிக்காவில் டல்சிமர். பெட்டிமேல் தந்தி கட்டிக் குச்சியால் அடிப்பது எல்லாவற்றிலும் ஒன்று. இந்துஸ்தானி சந்தூரை வேறாக்குவது, அது ஒரு ஷட்ஜத்தின்மேல் நின்று ஒரே ராகத்தை மணிக்கணக்காக விரிப்பதும், பக்கத்தில் தபலா இருப்பதும்தான்.

போனில் கேட்கலாமா?

போனின் ஸ்பீக்கரில் வேண்டாம். பாயானின் கீழ்த்தொனி அதில் வராது. அது போனால் பாதித் தாளம் போச்சு, சமத்தைப் பிடிக்க மேலே சொன்ன வழியும் வேலை செய்யாது. சுமாரான ஹெட்போன் போதும். சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். சந்தூரின் அடி காதைக் குத்தும் அளவுக்கு வைத்தால் அதன் தேய்வு கேட்காது.

கச்சேரியில் எப்போது கைதட்டுவது? 'வாஹ் வாஹ்' சொல்லலாமா?

நல்ல இடம் வந்தால் மெதுவாக 'ஆகா' என்றாலே போதும், யாரும் முறைக்க மாட்டார்கள். திஹாயி சமத்தில் விழும்போது பாராட்டு தானாக வரும். ஆலாப் நடக்கும்போது மட்டும் கைதட்டலைத் தவிர்க்கலாம், தேயும் ஒலியின்மேல் அது விழுகிறது. தொடையில் தாளம் போடுவது தாராளமாகச் செய்யலாம், சத்தம் வராமல். அரங்கில் இடம் கிடைத்தால் நடுவரிசைக்குக் கொஞ்சம் முன்னால், தபலாக்காரரின் கைகள் தெரியும் பக்கமாக உட்காருங்கள்.

கற்றுக்கொள்ள ஆசை. எதில் ஆரம்பிப்பது?

தபலாவில். சந்தூரில் முதல் நாளே இனிமையான ஒலி வந்துவிடும், அதனாலேயே பலர் அங்கேயே தேங்கிவிடுகிறார்கள். தாளம் கையில் ஏறாமல் சந்தூர் முன்னேறாது. தபலாவில் ஒரு சுத்தமான 'நா' வருவதற்கே வாரக்கணக்காகும், விரல் வலிக்கும். ஏற்கெனவே மிருதங்கம் தெரிந்தவர்கள் நேராகச் சந்தூருக்குப் போகலாம். வாங்கும்போது, சுருதி சேர்க்கும் சாவியை ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது தொலைந்துகொண்டே இருக்கும்.